டாலர் கேட்கும் பக்கத்தை மூடுங்கள், நூலகம் வழியாக வாருங்கள்

ப்ராஜெக்டுக்கு ஆய்வுக் கட்டுரை தேடும் எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். கூகுளில் தலைப்பை அடிப்பது, நல்லதாக ஒன்று கண்ணில் பட்டதும் அழுத்துவது, '30 டாலர், 40 டாலர் கட்டு' என்று வரும் பக்கத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவது. அந்தப் பணத்தை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கெனவே கட்டியிருக்கலாம். நீங்கள் நுழைந்த வாசல்தான் தப்பு.

அதனால் முதலில் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்துக்குப் போய், 'இ-ரிசோர்சஸ்' மாதிரி ஏதாவது பெயரில் இருக்கும் பகுதியைத் திறங்கள். வளாக வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் பாஸ்வேர்டே கேட்காது, ஐபி முகவரியை வைத்தே பதிப்பகம் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டிலிருந்து பார்க்க 'இன்ஃபெட்' போன்ற தனிக் கணக்கு வேண்டும், அதை நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். அரசுப் பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரி என்றால் 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டமும் உண்டு, அதில் இதழ்களுக்கான சந்தாவை மத்திய அரசே கட்டிவிடும். 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள்.

அடுத்தது, எங்கே தேடுவது? மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட், அது எல்லோருக்கும் இலவசம். வரலாறு, இலக்கியம் என்றால் ஜேஸ்டோர், ஆனால் அதில் பல இதழ்களின் கடைசிச் சில வருடங்கள் இருக்காது. ஸ்கோபஸ் எல்லாத் துறைக்கும் ஆகும், ஆனால் அது அட்டவணைதான். அதில் சுருக்கத்தைப் படிக்கலாம், முழுக் கட்டுரைக்கு அங்கிருந்து பதிப்பகத்தின் தளத்துக்குப் போக வேண்டும்.

சரி, இப்போது தேடல் பெட்டி. பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். 'தருமபுரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு எப்படிக் குழந்தைகளின் பல்லைப் பாதிக்கிறது' என்று முழுக் கேள்வியையும் ஆங்கிலத்தில் அடிக்காதீர்கள். அதில் கனமான சொற்கள் மூன்றுதான்: ஃப்ளோரைடு, கிரவுண்ட்வாட்டர், தருமபுரி. இவற்றுக்கு நடுவே 'அண்ட்' போட்டால் மூன்றும் இருக்கும் கட்டுரைகள் மட்டும் வரும். மாவட்டப் பெயரில் ரொம்பக் குறைவாக வந்தால் தமிழ்நாடு என்று விரியுங்கள், ஆனால் ஆங்கிலத்தில் அதைச் சிலர் ஒரே சொல்லாக எழுதுவார்கள், சிலர் இரண்டாகப் பிரிப்பார்கள். இரண்டையும் அடைப்புக்குறிக்குள் வைத்து நடுவே 'ஆர்' போட்டுவிடுங்கள், இரண்டில் எது இருந்தாலும் வரும். பிரித்து எழுதியதற்கு மட்டும் மேற்கோள் குறி, இல்லாவிட்டால் இரண்டு சொல்லும் தனித்தனியாகத் தேடப்படலாம். அண்ட், ஆர் இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிப்பது நல்லது, பப்மெட் அப்படித்தான் கேட்கும்.

சொல்லின் பாதியில் நட்சத்திரக் குறி வைத்தால் மீதி எப்படி முடிந்தாலும் பிடித்துவிடும். நான் ஃப்ளோரைடு, அதனால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் ஃப்ளோரோசிஸ் இரண்டும் சேர்த்து மாட்டட்டும் என்று 'ஃப்ளோர்' வரை அடித்து நட்சத்திரம் வைத்தேன். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஃப்ளோரசன்ஸும் அதே ஐந்து எழுத்தில்தான் தொடங்குகிறது, ஒளிரும் சாயம் பற்றிய கட்டுரைகளாக வந்து குவிந்தன! இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக இன்னும் ஓரிரு எழுத்து சேர்த்து, நடுவே 'ஆர்' போட்ட பிறகு சரியானது. எல்சேவியர் பதிப்பகத்தின் தளமான சயின்ஸ்டைரக்டில் இந்த நட்சத்திரம் வேலையே செய்யாது, அங்கே சொற்களை முழுசாகத்தான் அடிக்க வேண்டும்.

அப்புறம் வடிகட்டல். வருடத்தைக் குறுக்குங்கள், 'பியர் ரிவ்யூ' (அதே துறை நிபுணர்கள் சரிபார்த்த பிறகே கட்டுரையை வெளியிடுவது) பெட்டி இருந்தால் டிக் பண்ணுங்கள். அந்த டிக் இதழைத்தான் பார்க்கும், அதில் வந்த புத்தக மதிப்புரையும் தலையங்கமும் கூடவே நுழைந்துவிடும். அதனால் எந்த வகைக் கட்டுரை என்பதையும் ஒரு தடவை பாருங்கள்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் தேடலை நிறுத்திவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். அது யாரை மேற்கோள் காட்டுகிறது என்பது கடைசிப் பக்கங்களில் இருக்கும், அதை யார் மேற்கோள் காட்டினார்கள் என்பதை ஸ்கோபஸ் காட்டும். என் பட்டியலில் பாதி இப்படிச் சேர்ந்ததுதான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் உங்கள் தலைப்பை ஒட்டிய பிஎச்.டி. ஆய்வேடு இருந்தால் இன்னும் நல்லது, அந்த ஆள் வருடக்கணக்கில் சேர்த்த நூற்பட்டியல் மொத்தமும் உங்கள் முன்னால்.

இத்தனைக்குப் பிறகும் முழுக் கட்டுரை திறக்கவில்லையா? நூலகரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் கட்டுரையில் இருக்கும் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதுங்கள், பல ஆசிரியர்கள் பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள்.

கிடைத்ததை எல்லாம் அன்றைக்கே ஸோட்டெரோவில் (கட்டுரைகளையும் நூற்பட்டியலையும் சேர்த்து வைக்கும் இலவச மென்பொருள்) போட்டுவிடுங்கள். எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினீர்கள் என்பதையும் நோட்டில் குறித்து வையுங்கள், கைடு கட்டாயம் கேட்பார்.