பேஸ்ட்டை ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது

போன வாரம், பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் டாக்டர் ஒருவர் வாயில் லைக்கன் பிளானஸ் (வெள்ளைக் கோடுகளும் புண்ணும் வரும் நோய்) உள்ளவருக்குச் சீட்டு எழுதினார். டிரையம்சினலோன் 0.1% பேஸ்ட் (புண்மேல் போடும் ஸ்டீராய்டு மருந்து), தினம் மூன்று வேளை. எழுதிக் கொடுத்த கையோடு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். இந்த நோயில் வழக்கமாக நடக்கும் தவறுகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

போடும் விதத்தைக் காட்டாமல் அனுப்புவது

அந்தப் புதிதில் என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல், சர்க்கரையும் உண்டு. இரண்டு கன்னத்தின் உட்புறமும் வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள். நடுவே சிவந்து உரிந்த புண். ரசம் சாதமே எரிகிறது என்றார். பேஸ்ட் எழுதினேன். மூன்று வாரம் கழித்தும் புண் அப்படியே இருந்தது. மருந்து கேட்கவில்லை என்று நானாக முடிவுகட்டி, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தேன். புண் அடங்கியது. ஆனால் சர்க்கரை 300-ஐத் தாண்டி, இன்சுலின் போட்டுத்தான் இறக்க வேண்டியிருந்தது. மாத்திரையைக் குறைத்ததும் புண் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான், "எப்படிப் போட்டீங்க, காட்டுங்கம்மா" என்று கேட்டேன். விரலில் எடுத்து, பல்பொடி தேய்ப்பதுபோல் கன்னத்தில் தேய்த்தார். "தேய்ச்சா மண்ணு மாதிரி உதிருது டாக்டர், துப்பிடுவேன்."

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இந்தப் பேஸ்ட்டில் ஜெலட்டின், பெக்டின், செல்லுலோஸ் தூள்கள் எண்ணெய்ப் பசையில் கலந்திருக்கும். அவை வாயின் ஈரத்தை இழுத்து ஊறி, வழுவழுப்பான மெல்லிய படலமாகப் புண்மேல் ஒட்டிக்கொள்ளும். தேய்த்தால் படலம் கட்டாது, நறநறவென்று உதிரும். அதனால் பஞ்சால் புண்ணை ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு, அரை சென்டிமீட்டர் அளவு பேஸ்ட்டை வைத்து, படலம் கட்டும்வரை விரலால் மெல்ல அழுத்த வேண்டும். கண்ணாடி முன் நிற்கவைத்து அவரையே ஒருமுறை போடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்துவிட்டு மாத்திரைக்குத் தாவுகிறவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது

வேண்டாம். சாப்பிட்டு, கொப்பளித்த பிறகு. படுக்கும்முன் போடுவதை மட்டும் விடவே கூடாது; ராத்திரி முழுக்க நிற்கும்.

ஈறுக்கும் அதே பேஸ்ட்

சரியாக நிற்காது. பல் அச்செடுத்து மெல்லிய ட்ரே செய்து, அதில் மருந்து வைத்துப் போடச் சொல்லுங்கள்.

புதிதாக வரும் வெள்ளையை நோய் என்று நினைப்பது

ஸ்டீராய்டு போடும் வாயில் கேன்டிடா பூஞ்சை படியும். பஞ்சால் வழித்துப் பாருங்கள். லைக்கன் கோடு வழித்தால் வராது. பூஞ்சை பெரும்பாலும் தயிராடை போல வழிந்து வரும். அதற்குப் பூஞ்சை மருந்தான க்ளோட்ரிமசோல் கொடுக்க வேண்டுமே தவிர, ஸ்டீராய்டைக் கூட்டக் கூடாது.

பயாப்ஸி இல்லாமல் மாதக்கணக்கில் இழுப்பது

லைக்கன் பிளானஸைப் புற்றாக மாற வாய்ப்புள்ள நோய்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் சேர்த்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தனிப்புண்ணாக, ஓரம் தடித்து, தொட்டால் கெட்டியாக, இரண்டு வாரமாகியும் ஆறாமல் இருந்தால் சீட்டில் பேஸ்ட் எழுதாதீர்கள். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.