எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

சென்னை ஓ.எம்.ஆரில் வேலை, சம்பளத்துக்குக் குறையில்லை, ஈ.எம்.ஐ. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் இரவு 11 மணிக்கு லேப்டாப்பை மூடினால் உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். சோகம் என்று சொல்ல முடியாது. தூர்ந்துபோன கிணறு மாதிரி. தியான ஆப், வார இறுதி முகாம் எல்லாம் பார்த்தாயிற்று. முகாமில் கிடைத்த நிம்மதி சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டவில்லை.

அப்புறம் பங்குனியில் அம்மாவை மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவுக்குக் கூட்டிப் போனேன். அறுபத்துமூன்று நாயன்மார்களும் வீதியுலா வரும் நாள். மாட வீதியில் பல்லக்குகள் வரிசையாக வந்தன. "அதோ பாருடா, அப்பர்" என்று அம்மா கைகாட்டினாள். அப்பர் என்றால் உழவாரப்படை. கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் கருவி. அத்தனை தேவாரம் பாடியவருக்கு அடையாளம் அதுதானா என்று அன்றுதான் உறைத்தது.

அடுத்த மாதமே கோயில்களைச் சுத்தம் செய்யும் ஓர் உழவாரப்பணிக் குழுவில் சேர்ந்தேன். மாதம் ஒரு ஞாயிறு, காலை 7 மணி. முதல் நாள் என் பங்குக்கு ஒரு தூண். அதில் பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு, விபூதி, கரி. தேங்காய் நாரும் சிகைக்காயும் வெந்நீருமாக இரண்டு மணி நேரம் தேய்த்தேன். "அழுத்தாதே தம்பி, கல்லுக்கு வலிக்கும்" என்றார் பக்கத்தில் ஒரு பெரியவர். சிரிப்பு வந்தது, ஆனால் அழுத்தவில்லை. கடைசியில் பிசுக்குக்கு அடியிலிருந்து ஒரு சின்ன யாளி எட்டிப் பார்த்தது.

வெறுமை முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. தூக்கம் கெட்ட நாட்களில் டாக்டரையும் பார்த்தேன், அதில் வெட்கமில்லை. நகக்கண்ணில் ஏறிய கரி மட்டும் புதன்கிழமை வரை போகாது. மீட்டிங்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.