அவசரகாலப் பையில் தகவல் தொடர்புக் கருவிகள்: எதை வைப்பது, எப்படிக் கட்டுவது

வெள்ளம், புயல், நிலநடுக்கம், காட்டுத்தீ என எது வந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு கிளம்ப ஒரு பை தயாராக இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பையில் தகவல் தொடர்புக்கான பகுதி மட்டும் பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கிறது. ரேடியோ இருக்கும், அதற்கான பேட்டரி செல் இருக்காது. பவர் பேங்க் இருக்கும், கேபிள் மேசை மேலேயே கிடக்கும். போன் இருக்கும், அது அணைந்துவிட்டால் ஒருவருடைய எண்ணும் நினைவுக்கு வராது. விலை உயர்ந்த கருவியைத் தேடுவதற்கு முன்னால் இந்தச் சின்ன இணைப்புகளைச் சரிசெய்ய வேண்டும். தொடர்பு அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் கேட்க ஒரு வழி

பேசுவதைவிடக் கேட்பது எளிது, மின்சாரமும் குறைவாகவே ஆகும். எந்தப் பாலம் மூடியிருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்த முகாமில் இடம் இருக்கிறது என்பது தெரிந்தால் பாதித் தவிப்பு குறையும். ஆகவே பையில் முதலிடம் ஒரு சிறிய ரேடியோவுக்கு. எஃப்எம், மீடியம் வேவ் (ஏஎம்) இரண்டும் பிடிக்க வேண்டும். சாதாரண ஏஏ செல்லில் ஓட வேண்டும். இயர்போன் துளை இருக்க வேண்டும். இயர்போனில் கேட்டால், ஸ்பீக்கரில் கேட்பதைவிட செல் அதிக நேரம் தாங்கும்.

எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் செல்வது. மலையோ தூரமோ குறுக்கிட்டால் தேய்ந்துவிடும். உள்ளூர் எஃப்எம் கோபுரம் விழுந்துவிட்டால் மீடியம் வேவ்தான் துணை. இரவில் அது, வானில் வெகு உயரே மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி பல நூறு கிலோமீட்டர் வரை எட்டும். மீடியம் வேவுக்கான ஆன்டெனா ரேடியோவின் உள்ளே ஃபெரைட் தண்டாக இருக்கிறது. எனவே வெளிக்கம்பியை நீட்டிப் பயனில்லை, ரேடியோவையே மெல்லத் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் பவர் பேங்கோ எல்இடி விளக்கோ ஓடினால் இரைச்சல் கூடும். கேட்கும் நேரத்தில் அவற்றைத் தள்ளி வையுங்கள்.

கைப்பிடியைச் சுற்றி மின்சாரம் எடுக்கும் ரேடியோக்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு நிமிடம் சுற்றினால் சில நிமிடம் செய்தி கேட்கலாம், அதுவரை சரி. ஆனால் அதை நம்பிப் போனுக்கு சார்ஜ் ஏற்றக் கிளம்ப வேண்டாம். இந்தக் கைப்பிடிகள் 2 வாட் தருவதே பெரிது. இன்றைய போன் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 19 வாட்-மணி, அதாவது ஒரு வாட் வீதம் 19 மணி நேரம் தரும் அளவு. முழுவதும் ஏற்றப் பத்து மணி நேரம் இடைவிடாமல் சுற்ற வேண்டும். கை ஓயும் முன்பே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்துவிடும்.

போனை எப்படிப் பயன்படுத்துவது

செல்பேசிக் கோபுரங்கள் மின்சாரம் போன பிறகும் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். அந்த நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் அழைப்பதால் நெரிசல் ஏற்படும். அழைக்க வேண்டாம், எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எஸ்எம்எஸ் மிகச் சிறியது. உடனே சேராவிட்டாலும் மையத்தில் காத்திருந்து மறுபடி மறுபடி முயலும்.

ஒரு நுணுக்கம் தமிழில் எழுதுபவர்களுக்கு முக்கியம். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 குறிகள் இடமுண்டு. ஒரே ஒரு தமிழ் எழுத்து சேர்ந்தாலும் அது 70 ஆகக் குறையும். அதிலும் 'கு', 'லை' போன்றவை இரண்டு குறிகளாக எண்ணப்படும் என்பதால் உண்மையில் நாற்பது, ஐம்பது எழுத்துகளே கிடைக்கும். அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் போகும். ஒரு துண்டு சிக்கினாலும் முழுச் செய்தி படிக்கக் கிடைக்காமல் போகலாம். 'நலம். 4 பேர். பள்ளி முகாம். மாலை 6' என்ற அளவே போதும்.

சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். விமானப் பயன்முறையில் போட்டு வைத்து, குறித்த நேரத்தில் மட்டும் திறந்து பாருங்கள். அந்த நிலையில் அரசின் அவசர எச்சரிக்கைச் செய்திகள் வராது என்பதை மறக்கக் கூடாது. அந்த இடைவெளியை ரேடியோதான் நிரப்பும். ஜிபிஎஸ் பொதுவாக விமானப் பயன்முறையிலும் இயங்கும். ஆகவே சுற்றுவட்டார வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று, உயிரோடு இருக்கும் நிலையில், தட்டைத் திறக்கும் ஊசியுடன் பையில் இருக்கட்டும்.

மின்சாரம்: கணக்கு இங்கேதான் தப்பும்

பவர் பேங்க் மேல் 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக உயர்த்தும்போதும், போனுக்குள் மறுபடி இறக்கும்போதும் இழப்பு உண்டு. 5,000 மில்லி ஆம்பியர்-மணி போனுக்கு ஒரு முழு சார்ஜும், கூடுதலாகக் கொஞ்சமும் கிடைக்கும். அட்டையைப் பார்த்து இரண்டு என்று எண்ணி ஏமாற வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருவருக்கு 20,000 அளவு வேண்டும். ஒரே பெரிய பவர் பேங்கைவிட 10,000 அளவில் இரண்டு வைப்பது நல்லது: ஒன்று நனைந்தாலும் மற்றொன்று இருக்கும், ஒன்றை இன்னொருவரிடம் கொடுத்தும் அனுப்பலாம். 100 வாட்-மணிக்கு மேற்பட்டதை விமானத்தில் கொண்டுபோகத் தனி அனுமதி தேவைப்படும். எந்த அளவானாலும் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரியை நூறு சதவீதத்தில் நிரப்பி வெப்பமான இடத்தில் மாதக்கணக்கில் விட்டால் கொள்ளளவு குறையும். எப்போதும் தயாராகவும் இருக்க வேண்டும், ஆயுளும் வேண்டும் என்றால் 80 சதவீதம் நல்ல சமரசம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஏற்றுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பையை விடாதீர்கள்.

பலரும் கவனிக்காத இரண்டு கோளாறுகள் உண்டு. முதலாவது, பெரும்பாலான பவர் பேங்குகள் மிகக் குறைந்த மின்னோட்டத்தைக் கண்டால் 'எதுவும் இணைக்கப்படவில்லை' என்று எடுத்துக்கொண்டு தாமாகவே அணைந்துவிடும். சார்ஜ் ஏற்றும் வகைச் சிறிய ரேடியோவும் தலைவிளக்கும் இதனால் சார்ஜ் ஏறாமல் நிற்கும். இரண்டாவது, சில மலிவான கருவிகளில் டைப் சி துளை இருந்தாலும் கருவி இணைந்திருப்பதை சார்ஜருக்குத் தெரிவிக்க அதற்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இருக்காது. அவற்றுக்கு இரு முனையும் சி ஆன கேபிளில் மின்சாரமே வராது. ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி ஏ ஆக இருக்கும் கேபிளில்தான் வரும். எனவே இருவகைக் கேபிளும் வையுங்கள். 30 சென்டிமீட்டர் நீளம் போதும். மெலிந்த நீளமான கேபிளில் வோல்ட்டேஜ் இறங்கிச் சார்ஜ் மெதுவாகும். ஒவ்வொரு கருவியையும் இதே பையில் இருக்கும் கேபிள், இதே பவர் பேங்க் கொண்டு ஒருமுறை சார்ஜ் ஏற்றிப் பார்த்த பிறகே உள்ளே வையுங்கள்.

ரேடியோ, தலைவிளக்கு இரண்டும் ஒரே அளவு செல்லில், ஏஏ என்றால் ஏஏ மட்டும், ஓடும்படி தேர்ந்தெடுத்தால் ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் போடலாம். கருவிக்கு ஒரு முழு மாற்றுத் தொகுதியும் கூடுதலாக நான்கும் வையுங்கள். ஆல்கலைன் செல் நாளடைவில் கசியும். கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ரேடியோவின் தொடுமுனைகளை அரித்துவிடும். அதைக் கருவிக்குள் போட்டு வைக்காமல் தனி டப்பாவில் வையுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் ஏஏ செல் விலை கூடுதல்தான், ஆனால் கசிவது மிக அரிது, எடையும் குறைவு, குளிரிலும் வேலை செய்யும், பல ஆண்டுகள் சக்தியை இழக்காமல் கிடக்கும். அவசரப் பைக்கு அதுவே எங்கள் பரிந்துரை. பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்: வலுவான செல் பலவீனமான செல்லை எதிர்த்திசையில் தள்ளி அதைக் கசிய வைக்கும்.

சூரிய பேனல் வேண்டுமென்றால் 20 வாட் மடிப்பு பேனலுக்குக் குறைவாக வாங்க வேண்டாம். நல்ல வெயிலிலும் அட்டையில் போட்டிருப்பதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். மேகம் சூழ்ந்தால் மிகச் சொற்பம். போனை நேரடியாக பேனலில் மாட்டினால் மேகம் கடக்கும்போதெல்லாம் சார்ஜ் நின்று நின்று வரும். பகலில் பவர் பேங்கை நிரப்பி, இரவில் அதிலிருந்து போனுக்கு ஏற்றுங்கள். பவர் பேங்கை பேனலின் நிழலில் வையுங்கள். 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான லித்தியம் செல்லில் சார்ஜ் ஏற்றுவது அதைக் கெடுக்கும்.

வாக்கி டாக்கி

ஒன்று மட்டும் வைத்துப் பயனில்லை, யாரோடு பேசப் போகிறோம் என்பது முதலில் தீர வேண்டும். உரிமம் தேவைப்படாத வகைகள் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவின் பிஎம்ஆர்446 கருவி 446 மெகாஹெர்ட்ஸில் 0.5 வாட் மட்டுமே. மற்றொரு நாட்டில் அதே அலைவரிசை வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கலாம். ஹாம் ரேடியோவில், அதாவது ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலியில், பேச உரிமம் கட்டாயம். பெட்டியில் எத்தனை கிலோமீட்டர் என்று அச்சிட்டிருந்தாலும், கட்டடங்கள் நிறைந்த இடத்தில் கையடக்கக் கருவி ஓரிரு கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். மொட்டை மாடிக்கு ஏறினாலே எட்டும் தூரம் கூடும். வாட்டைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவது எப்போதும் மேல்.

இரண்டு கருவிகளிலும் சேனல் எண்ணும் தனிக்குறியீட்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் குறியீடு பேச்சை ரகசியமாக்காது. வேறு குறியீட்டில் வருவதை நம் ஸ்பீக்கரில் ஒலிக்காமல் தடுக்கிறது, அவ்வளவே. ஒருவர் அதைத் தப்பாக வைத்திருந்தால் மற்றவர் கத்தினாலும் கேட்காது. ஆகவே குறியீட்டை அணைத்து வைப்பதே நல்லது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முதல் ஐந்து நிமிடம் மட்டும் கருவியைத் திறப்பது என்று முன்பே பேசி வைத்தால் பேட்டரி நாள்கணக்கில் வரும்.

ஹாம் கருவி வைத்திருப்பவர்கள் கூடுதல் ஆன்டெனா எடுத்து வைக்கும்போது இணைப்பியைப் பாருங்கள். எஸ்எம்ஏ என்ற சிறிய திருகு இணைப்பியில் ஊசி உள்ளதும் துளை உள்ளதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆன்டெனா மாட்டாமல் பேச்சுப் பொத்தானை அழுத்தினால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் சேதமாகலாம். சுருட்டி வைக்கும் கம்பி ஆன்டெனாவும், கிளைமேல் எறிந்து அதைத் தூக்க 15 மீட்டர் மெல்லிய கயிறும் கூடுதல் வாட்டைவிடப் பயன்படும்.

ஆளில்லாத மலை, கடல், காடு என்று போகிறவர்களுக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் குறிகாட்டி தனி வகை: இயக்கினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்கு அபாயக் குறி அனுப்பும் கருவி அது. வாங்கியதும் பதிவு செய்ய வேண்டும், திறந்த வானம் வேண்டும், பேட்டரியின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் போனை சில நாடுகளில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம், விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

காகிதமும் விசிலும்

கனமான அட்டையில் பென்சிலால் எழுதி, தெளிவான டேப் ஒட்டுங்கள்: குடும்பத்தினர் எண்கள், வெளியூரில் இருக்கும் ஒருவரின் எண், வீட்டருகே ஒன்றும் தொலைவில் ஒன்றுமாகச் சந்திக்கும் இடங்கள், ரேடியோ நிலைய அலைவரிசைகள், வாக்கி டாக்கி சேனலும் திறக்கும் நேரமும், இரத்த வகை, மருந்துகள். உள்ளூருக்குள் லைன் கிடைக்காதபோதும் வெளியூருக்குக் கிடைக்கலாம். அந்த வெளியூர் ஆள் எல்லோருடைய செய்தியையும் சேர்த்து வைப்பார். ஒவ்வொருவர் பையிலும் ஒரு பிரதி. கூடவே சிறிய நோட்டும் இரண்டு பென்சிலும். பேனா மை நனைந்தால் கரையும். உள்ளே உருண்டை இல்லாத விசில் ஈரத்திலும் ஊதும். அதைப் பையின் தோள்பட்டையில் கட்டுங்கள், உள்ளே போடாதீர்கள். மூன்று முறை விட்டு விட்டு ஊதுவது உதவி கேட்கும் குறி.

கட்டும் முறை

தண்ணீர் முதலில் பையின் அடியில்தான் தேங்கும். மின்கருவிகள் எல்லாம் மேல்பாதியில், முதுகுப் பக்கமாக இருக்க வேண்டும். 'கேட்க', 'பேச', 'மின்சாரம்' என்று எழுதி ஒட்டிய மூன்று ஒளிபுகும் ஜிப் பைகள். அவை மூன்றும் வாய் சுருட்டி மூடும் ஒரு நீர்புகாப் பைக்குள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று உள்ளே. உதிரி செல்கள் டப்பாவில். சாவியோ நாணயமோ முனைகளில் பட்டால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுச் சூடாகும். வாக்கி டாக்கியின் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், ஆன்டெனாவையும் கழற்றுங்கள்: பைக்குள் குமிழ் தானே திரும்பி ஓடிக்கொண்டிருப்பதும், மாட்டிய ஆன்டெனா நெம்பி இணைப்பியை உடைப்பதும் சாதாரணமாக நடப்பவை. ரேடியோ மட்டும் வெளிப்பையில் இருக்கட்டும்: லித்தியம் செல் என்றால் ஒன்றை மட்டும் கழற்றி உடன் வையுங்கள், ஆல்கலைன் என்றால் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

சார்ஜ் பார்க்கும் அதே நாளில் இருட்டறையில் பையைத் திறந்து, கைத்தடவலிலேயே ரேடியோவை ஓடவிட முடிகிறதா, போனுக்குச் சார்ஜ் ஏறுகிறதா, வாக்கி டாக்கியில் மறுமுனை கேட்கிறதா என்று முயன்று பாருங்கள். செல்களின் தேதியையும், மாறிப்போன எண்களையும் அப்போதே திருத்துங்கள். பவர் பேங்க் சற்றே உப்பியிருந்தாலும் அதில் சார்ஜ் ஏற்றாமல், குத்தாமல், அழுத்தாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிட்டு, அன்றே மாற்று ஒன்றை உள்ளே வையுங்கள்.