கொரியப் புத்தகக் கடை நாவலை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹ்வாங் போ-ரும் எழுதிய ‘ஹ்யூநாம்-தோங் புத்தகக் கடை’ நாவல் 2022இல் கொரிய மொழியில் அச்சு நூலாக வந்தது. ஷன்னா டானின் ஆங்கில மொழியாக்கம் 2023இல் வெளியான பிறகு பிற நாடுகளிலும் அதற்குப் பெரும் வாசகர் கூட்டம் சேர்ந்தது. மனத்துக்கு இதம் தரும் நாவல் என்று கேள்விப்பட்டு வாங்குபவர்களில் ஒரு சாரார், “இதில் ஒன்றுமே நடக்கவில்லையே” என்று பாதியில் மூடிவைத்துவிடுகிறார்கள்.

கதையில் திருப்பத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதால் வரும் ஏமாற்றம் இது. அலுவலக வேலையை உதறி, மணவாழ்வும் முறிந்த நிலையில், சியோலின் ஒரு குடியிருப்புப் பகுதியில் யோங்ஜு கடை திறக்கிறாள். தொடக்க மாதங்களில் கடையிலேயே உட்கார்ந்து அழுகிறாள். ஏன் அழுகிறாள் என்பதை ஆசிரியர் உடனே சொல்வதில்லை, துணுக்குத் துணுக்காகவே தருகிறார். அத்தியாயங்கள் சிறியவை என்பதால், ஒரே மூச்சில் முடிப்பதைவிட நாளுக்கு இரண்டு மூன்றாக வாசிப்பதே இந்நூலுக்குப் பொருந்தும்.

இதமான நாவல் என்பதாலேயே அதைக் கனமற்றது என்று கொள்வதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. ஜங்சோ என்ற பெண் ஒரு காபியை வாங்கிக்கொண்டு மணிக்கணக்காகக் கடையில் அமர்ந்திருக்கிறாள். பிறகு அங்கேயே பாத்திரம் தேய்க்கும் நார்களை நூலால் பின்னத் தொடங்குகிறாள். அவசரமாக வாசிப்பவருக்கு இது ஓர் அழகான காட்சி, அவ்வளவே. ஆனால் அவள் ஒப்பந்த ஊழியராக உழைத்துச் சலித்து வேலையை விட்டவள். 1997ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பிறகு தென் கொரியாவில் நிரந்தரமற்ற வேலை பெருகியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணியில் வைத்திருந்தால் ஒப்பந்த ஊழியரை நிரந்தரமானவராகக் கருத வேண்டும் என்ற சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தபோது, அந்தக் கெடு முடியுமுன்பே ஆட்களை அனுப்பிவிடும் வழக்கமும் கூடவே வந்தது. இந்தப் பின்னணியை அறிந்து வாசித்தால், அவள் ஏன் பலனை உடனே கண்ணால் காணக்கூடிய ஒரு கைவேலையைப் பற்றிக்கொள்கிறாள் என்பது விளங்கும்.

காபி போடும் மின்ஜுனின் கதையும் அப்படித்தான். நன்றாகப் படித்து, நேர்காணல் நேர்காணலாக ஏறி இறங்கியும் வேலை கிடைக்காத அவன், தான் பாடுபட்டுப் பொத்தான்களைச் செய்து வைத்ததாகவும், மாட்டுவதற்குத் துளைகள்தாம் இல்லை என்றும் எண்ணிப் பார்க்கிறான். இத்தகைய வரிகளைத் தனியே பிய்த்தெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பொன்மொழியாக வைப்பவர்கள் உண்டு. வேலையில்லாத ஓர் இளைஞனின் களைப்பிலிருந்து வந்தது அந்த வரி என்பது அப்போது காணாமல் போய்விடுகிறது.

கடையின் கணக்கு வழக்கு வரும் பக்கங்களையும் புரட்டித் தள்ளிவிடக் கூடாது. பதிப்பாளர் குறித்த விலையிலிருந்து அதிகம் குறைத்து நூல்களை விற்கக் கூடாது என்ற நிலைவிலை முறை தென் கொரியாவில் இருக்கிறது; சலுகைப் புள்ளிகளையும் சேர்த்து மொத்தத் தள்ளுபடி 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என 2014 நவம்பரில் அம்முறை இறுக்கப்பட்டது. தள்ளுபடிக்கு இப்படி வரம்பு இருந்தும், புத்தக விற்பனையை மட்டும் நம்பிச் சிறு கடைகள் தாக்குப்பிடிப்பது கடினம். யோங்ஜு காபி விற்பதும், எழுத்தாளர் சந்திப்புகளை நடத்துவதும், இந்தக் கடையை இன்னும் எத்தனை காலம் நடத்த முடியும் என்று கவலைப்படுவதும் அதனால்தான். நாமும் ஒரு புத்தகக் கடை வைக்கலாமே என்று ஆசைப்படுபவர்கள் இப்பகுதிகளை இருமுறை வாசிக்கலாம்.

பெயர்கள் குழப்பினால் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டால் போதும். ‘மின்சோலின் அம்மா’ என்று பிள்ளையின் பெயரால் தாயைக் குறிப்பிடுவது தமிழ் வாசகருக்குப் புதிதும் அன்று.

கொரியத் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்கள், எழுத்தாளர் சுங்வூ கடைக்கு வந்ததுமே காதலை எதிர்பார்த்துப் பக்கங்களைத் தாண்டுகிறார்கள். அந்த உறவு மெல்லத்தான் நகர்கிறது. யோங்ஜு எளிதில் இசைவதுமில்லை. நிரலாளர் வேலையை விட்டவன் அவன்; ஆசிரியரும் முன்பு மென்பொருள் பொறியாளராக இருந்தவர். அதனால் காதலைக் காட்டிலும், உழைப்பைப் பற்றி அவன் பேசும் இடங்களில்தான் எழுத்து வலுவாக இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சில உரையாடல்கள் கட்டுரை வாசிப்பதுபோல் நீளுவதாகத் தோன்றலாம். அது நாவலின் குறையே. இருவர் பேசிக்கொள்ளும் இடத்தில் ஆசிரியரே முன்னால் வந்து கருத்துச் சொல்லும் அத்தியாயங்கள், குறிப்பாகப் பிற்பாதியில், சில இருக்கின்றன.