கத்திரி வெயிலில் காய் பறிப்பும் வத்தல் போடுவதும்

எங்கள் தோட்டம் ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே இருக்கிறது. நின்றால் பழனி மலைத்தொடர் தெரியும், உட்கார நிழலுக்கு ஒரே ஒரு வேப்பமரம். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும். அந்த நாட்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு வரப்பில் நிற்காதவர் காயைத் தொடக்கூடாது என்பது என் மாமியார் வைத்த சட்டம். கண்டிப்பானவர்தான், ஆனால் சட்டத்தில் நியாயம் இருக்கிறது. இரவெல்லாம் நீர் குடித்த செடியில் காய் விறைப்பாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு பறித்த காய் மண்டிக்குப் போய்ச் சேரும் முன்பே துவண்டுவிடும்.

பறிக்கும் நாளுக்கு முதல் நாள் மாலையே சொட்டுநீரைத் திறந்துவிடுங்கள். காலையில் திறந்தால் பாத்தி சேறாகி, காலோடு மண்ணும் காயோடு மண்ணும் வந்து சேரும்.

முதலில் வெண்டை. பூ விழுந்த ஐந்தாறு நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடும், வெயில் காலத்தில் ஒரு நாள் தாமதித்தாலும் நார் ஓடிவிடும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். நுனியை ஒடித்துப் பார்க்கச் சொல்வார்கள். நீங்கள் ஒடித்த காயை அப்புறம் யார் வாங்குவது? அளவைக் கண்ணால் பழகிக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் ஒரே ஒரு காயை ஒடித்துப் பாருங்கள். செடியின் சுணை பட்டால் கை அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்குங்கள். இவ்வளவு நெருக்கமாகப் பறிக்கும் செடிக்கு ரசாயன மருந்து அடித்தால், மருந்தின் வீரியம் அடங்கும் முன்பே காய் யாரோ ஒருவர் தட்டுக்குப் போய்விடும். நாங்கள் லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து, வடிகட்டி அடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அடுத்து கத்திரி. தோல் பளபளவென்று இருக்கவேண்டும். மங்கத் தொடங்கிவிட்டால் உள்ளே விதை முற்றிவிட்டது என்று பொருள். கையால் இழுத்தால் கிளை கிழியும், காம்போடு கத்தியால் அறுத்தெடுங்கள். சுரைக்காயில் நகம் சுலபமாக இறங்கினால் பிஞ்சு, இறங்காவிட்டால் விதைக்கு விட்டுவிடலாம். கொத்தவரையை வளைத்தால் நார் இழுக்காமல் ஒடியவேண்டும். முருங்கையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், அது கொஞ்சம் வெயில் தாங்கும். தொரட்டியால் பறியுங்கள், மரத்தில் ஏற வேண்டாம். முருங்கை பருத்துத் தூணாகுமா என்று சும்மாவா கேட்டார்கள்? கால் வைத்த கிளை முறிந்துவிடும்.

பறித்ததை எல்லாம் வேப்பமர நிழலில் கொட்டி மூன்று குவியலாகப் பிரிக்கிறோம். நேரான, ஒரே அளவான காய் மண்டிக்கு. வளைந்ததும் சொத்தை எட்டிப் பார்த்ததும் எங்கள் அடுப்புக்கு. மூன்றாவது குவியல் வத்தலுக்கு. கத்திரிக்காய் மீது ஈரச் சாக்கை மூடி வைக்கலாம். வெண்டை மீது மட்டும் தண்ணீர் தெளிக்காதீர்கள், பெட்டிக்குள்ளேயே கறுத்துப் பிசுபிசுத்துவிடும்.

வத்தல் போடுவதைப் பாட்டிமார் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களிடம் நான் கணக்குத்தான் பேசுவேன். பறிகூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் மூன்றையும் கூட்டுங்கள். அன்றைய விலை அதற்குக் கீழே போனால் வண்டியை அனுப்புவது கைக்காசைக் கொடுத்துக் காயைத் தானம் செய்வதுதான். அப்படிப்பட்ட நாளில் முழுப் பறிப்பையும் மாடிக்கு ஏற்றிவிடுகிறேன். பத்து கிலோ வெண்டை காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் நிற்கும். ஆனால் அந்த ஒரு கிலோவுக்கு அவசரம் கிடையாது. ஐப்பசி மழையில் காய் கிடைக்காதபோது அதற்கு நான் சொன்னதுதான் விலை.

கொத்தவரையை இரு முனையும் கிள்ளி, உப்பும் சிட்டிகை மஞ்சளும் போட்டுக் கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு, நிறம் மாறியதும் வடித்துப் பரப்புங்கள். கத்திரியை நீளவாக்கில் நறுக்கி இதே போலச் செய்யலாம், பச்சையாக உலர்த்தினால் கறுத்துவிடும். சுண்டைக்காயை ஒரு தட்டு தட்டி, விதையை அலசி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவையுங்கள். பகலில் காயவைத்து, மாலையில் மறுபடி அதே மோரில் போடுங்கள். மோர் முழுக்க வற்றும் வரை இதே வேலைதான்.

மோர் மிளகாய்க்கும் இதே முறை. ஒரு கிலோ குண்டு மிளகாய்க்கு ஒரு லிட்டர் புளித்த மோர், நூறு கிராம் கல்லுப்பு. காம்பைப் பறிக்காமல் நுனியில் மட்டும் கீறுங்கள். கீறாவிட்டால் மோர் உள்ளே இறங்காது, வறுக்கும்போது எண்ணெயில் வெடித்து முகத்துக்கு வரும்.

பிளாஸ்டிக் தாளில் பரப்பாதீர்கள், அடியில் வியர்த்துவிடும். ஓலைப்பாய் மீது பழைய வெள்ளை வேட்டியை விரித்தால் போதும். மேற்கே மூன்று மணிக்குக் கறுத்தால் யோசிக்காமல் சுருட்டி எடுங்கள், கோடை மழை சொல்லிவிட்டு வராது. வத்தலை அள்ளினால் சலசலக்கவேண்டும், வளைத்தால் படக்கென்று ஒடியவேண்டும். அப்போதும் சூட்டோடு ஜாடியில் போடக்கூடாது. நன்றாக ஆறவிட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

சமையலைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவோம். உச்சி வெயிலில் அடுப்படியில் நிற்பதற்கு எந்தக் குழம்பும் தகுதியானதல்ல. எங்கள் வீட்டில் மே மாதக் குழம்பு என்றால் தட்டைப்பயறும் வளைந்த கத்திரியும்தான். பயறை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து முக்கால் வேக்காடு வேகவைத்து, சின்ன வெங்காயம், கத்திரி, முருங்கைத் துண்டு சேர்த்து, மிளகாய்த் தூள், மல்லித் தூள், உப்புப் போடுங்கள். காய் வெந்த பிறகு புளிக்குப் பதிலாக மாங்காய்த் துண்டு. மாங்காயை முன்பே போட்டால் பயறு வேகாமல் அடம்பிடிக்கும். பீர்க்கங்காய் சமைத்தால் தோலை எறியாதீர்கள். நல்லெண்ணெயில் உளுந்து, காய்ந்த மிளகாயோடு வதக்கி, கொஞ்சம் புளி வைத்து அரைத்தால் துவையல். மதியத்துக்குக் கம்மங்கூழும் வறுத்த மோர் மிளகாயும் இருந்தால் எங்கள் வீட்டில் யாரும் குழம்பைக் கேட்பதே இல்லை.

வத்தலை வறுக்கும்போது எண்ணெய் மிதமாகக் காய்ந்திருந்தால் போதும். கொத்தவரை வத்தல் பொன்னிறத்திலிருந்து கருகலுக்குப் போகக் கண்ணிமைக்கும் நேரம்தான், நிறம் மாறத் தொடங்கும்போதே அரிகரண்டியால் எடுத்துவிடுங்கள். வத்தக்குழம்பு வைப்பவர்கள் முதலிலேயே உப்புப் போட வேண்டாம். வத்தலில் இருக்கும் உப்பு குழம்பில் இறங்கிய பிறகு சுவைத்துப் பார்த்து, குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.