இணையக் கோளாற்றைப் பார்க்கத் தொழில்நுட்பர் வரும் நாளில்

முற்றாக நின்றுபோன இணையத்தைச் சரிசெய்வது எளிது. இரவில் பத்து முறை அறுந்துவிட்டு, தொழில்நுட்பர் வரும் முற்பகலில் மட்டும் ஒழுங்காக ஓடும் இணைப்புதான் எல்லாரையும் அலைக்கழிக்கிறது. “இப்போது நன்றாகத்தானே இருக்கிறது” என்று அவர் கிளம்பிவிட்டால் மறுபடி முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டும். ஆகையால் கோளாறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை அவர் வருவதற்கு முன்பே ஓரளவு பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் ஒளியிழை வழியாகவே வருகிறது. சுவரிலுள்ள சிறிய இணைப்புப் பெட்டி வரை, நாட்டின் ஒளியிழைக் கட்டமைப்பை நடத்தும் நெட்லிங்க் டிரஸ்டின் இழை வரும். அங்கிருந்து ஒரு மெல்லிய இழை, ஒளியை மின்குறிகையாக மாற்றும் ஓஎன்டி எனப்படும் பெட்டிக்கும், அதிலிருந்து ஒரு கேபிள் ரவுட்டருக்கும் செல்லும். சில திட்டங்களில் இவ்விரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும். கோளாறு நிகழும் நேரத்தில் ஓஎன்டியின் விளக்குகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள்; அந்நிலையில் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஒளியிழைத் தொடர்பைக் காட்டும் ‘பான்’ விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தும் இணையம் இல்லையென்றால் ரவுட்டரையோ சேவை நிறுவனத்தின் பக்கத்தையோ ஐயுறலாம்.

இழை அலமாரிக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா, கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பில் ஒளி கசிந்து வலு குறையும். ஆனால் அதன் பச்சை முனையை நீங்களாகக் கழற்ற வேண்டாம். அதில் படியும் தூசியே புதிய கோளாறாகிவிடும். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு என்பதால் முனையை உற்றுப் பார்ப்பதும் கூடாது.

அடுத்து, மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிள் வழியாக நேரே ரவுட்டரில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். ஒரு ஜிகாபிட் திட்டத்தில் இவ்வாறு ஏறக்குறைய 940 மெகாபிட் வரை காட்டலாம். எஞ்சியது தரவுப் பொட்டலங்களின் முகவரி போன்ற தலைப்புத் தகவல்களுக்கே செலவாகிறது. வேகம் 94 மெகாபிட்டை ஒட்டியே நின்றுவிட்டால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம்: உள்ளிருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். அதற்குத் தொழில்நுட்பர் தேவையில்லை, புதிய கேபிள் போதும்.

கேபிளில் நல்ல வேகமும் படுக்கையறையில் மந்தமும் இருந்தால் அது வைஃபை சிக்கல். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் உள்ள பாதுகாப்பறையின் தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் அலைகளைத் தடுத்து நிறுத்துபவை. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ரவுட்டரை அதற்குள் பூட்டி வைத்துவிட்டு நிறுவனத்தைக் குறைசொல்வதில் நியாயமில்லை. புதிய வீடுகளில் அறைதோறும் கேபிள் முனை இருப்பதால், இரண்டாவது வைஃபை கருவியை அதில் இணைப்பதே உறுதியான தீர்வு.

தொழில்நுட்பர் வந்ததும் ஒளியின் வலுவை அளக்கும்படி கேளுங்கள். அவருடைய கருவி அதை மைனஸ் குறியுடன் டிபிஎம் அளவில் காட்டும்; எண் சுழியத்துக்கு அருகில் வர வர ஒளி வலுவாகும், மூன்று அலகு குறைந்தால் வலு பாதியாகும். மைனஸ் 20 அளவில் இருந்தால் கவலையில்லை. பரவலாகப் பயன்படும் ஜிபான் எனும் ஒளியிழை முறையின் கருவிகளுக்கு மைனஸ் 27 ஏறத்தாழ எல்லைக்கோடு என்பதால், மைனஸ் 26 காட்டும் இணைப்பு ஒரு வேளை ஓடும், ஒரு வேளை அறும். சுவர்ப் பெட்டியிலும் ஓஎன்டி முனையிலும் தனித்தனியே அளக்கச் சொல்வது முக்கியம். முதல் இடத்தில் வலுவாகவும் இரண்டாம் இடத்தில் மெலிந்தும் இருந்தால் இடையிலுள்ள இழையை மாற்றினால் போதும். சுவரிலேயே மெலிந்திருந்தால் சேவை நிறுவனம் அதை நெட்லிங்கிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கான பதிவு நடந்துவிட்டதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். அளவு எதுவும் பார்க்காமல் ரவுட்டரை மட்டும் மாற்றித் தருவது, என் கருத்தில், ஊகத்தின் பேரில் செய்யும் வேலை.

பகலில் அப்பாவோ அம்மாவோ மட்டும் வீட்டில் இருப்பார்கள் என்றால், கோளாறு நேர்ந்த நேரங்களையும் சோதனை முடிவுகளையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் மேல் ஒட்டி வையுங்கள். வருபவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முன்பதிவு செய்யாமல் அழைத்து, ஏதேனும் செயலியைப் பதிவிறக்கச் சொல்பவரையோ வங்கி விவரம் கேட்பவரையோ நம்ப வேண்டாம் என்றும் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

பணித்தாளில் கையொப்பமிடும் முன் இரண்டு அளவுகளும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கோளாறு திரும்பினால் புதிய புகார் கொடுக்காமல் பழைய புகார் எண்ணையும் அந்த அளவுகளையும் சொல்லுங்கள். அப்போது “ரவுட்டரை அணைத்துப் போட்டீர்களா” என்ற கேள்வியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிராது.