ட்ரமடோல் எழுதித் தந்தால்: போடும் முன்னும் போட்ட பிறகும்

ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதோ, பனடோலுக்கு அடங்காத முதுகுவலிக்கோ டொக்டர் ட்ரமடோல் எழுதித் தந்தால், இது பனடோலின் அண்ணன் என்று நினைத்துவிடாதீர்கள். மோர்பினும் அடங்கும் ஓபியொயிட் என்ற வலுவான வலிநிவாரணி வகையைச் சேர்ந்தது இது. பயப்படத் தேவையில்லை, ஆனால் விளையாட்டாகவும் எடுக்கக்கூடாது.

ஏற்கெனவே போடும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதை நம் ஆட்கள் வெட்கப்பட்டு மறைப்பார்கள், இங்கே அதுதான் ஆபத்து. செர்ட்ரலின், ஃப்ளூஒக்செட்டின் போன்றவற்றோடு ட்ரமடோல் சேர்ந்தால் உடம்பு நடுங்கி, வியர்த்து, வலிப்புக்கூட வரலாம். முன்பு வலிப்பு வந்திருந்தாலும் சொல்லியே ஆகவேண்டும். தூக்கக் குளிசை, அலர்ஜிக்குப் போடும் பிரிட்டன் (Piriton), சாராயம் எல்லாம் மயக்கத்தைக் கூட்டும், அதிலும் சாராயத்தைத் தொடவே வேண்டாம்.

முதல் குளிசையை, சாப்பாடு சாப்பிட்ட பிறகு, வீட்டில் யாராவது இருக்கும்போது போடுங்கள். வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் இருக்கும் அன்ரி வெறும் வயிற்றில் பிளேன்டீயோடு போட்டுவிட்டு, மத்தியானம் வரை சத்தி எடுத்து, இனி இந்த மருந்தே வேண்டாம் என்று தூக்கி வைத்துவிட்டார். டொக்டர் சத்திக்கும் ஒரு குளிசை சேர்த்துக் கொடுத்து, சாப்பிட்ட பிறகு போடச் சொன்னதும் சரியாகிவிட்டது. தலைச்சுற்று, வாய் உலர்தல், நித்திரை மயக்கம் இவையெல்லாம் பெரும்பாலும் சில நாளில் குறையும். அதுவரை ஸ்கூட்டர், த்ரீவீல் ஓட்ட வேண்டாம். முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு அம்மாவை இரவில் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் கால் தொங்க உட்கார வைத்துத்தான் பாத்ரூமுக்கு எழுப்புவோம், சடாரென்று எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

மலச்சிக்கல் மட்டும் அப்படித் தானாகப் போகாது. குளிசை போடும் காலம் முழுக்க இருக்கும், யாரும் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். அதனால் முதல் நாளே லக்டுலோஸ் அல்லது சென்னா தரலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். பப்பாப்பழம், கீரை, தண்ணீர் நல்லதுதான், அது மட்டும் போதாது. இசப்கோலைக் கரைத்துக் குடிக்கவேண்டாம், தண்ணீர் குறைந்தால் இன்னும் இறுகிவிடும்.

அளவுக்கு வருவோம். சாதாரணக் கப்சியூல் 50 மில்லிகிராம், வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 400க்கு மேல் போகக்கூடாது, வயதானவர்களுக்கும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் டொக்டர் இன்னும் குறைப்பார். எஸ்ஆர் என்று போட்டிருந்தால் நசுக்கவோ மெல்லவோ வேண்டாம், நாள் முழுக்க மெதுவாக இறங்கவேண்டிய மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும். ட்ரமடோலும் பனடோலும் சேர்ந்த குளிசையும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு தலையிடிக்கு வேறு பனடோலும் போட்டால் கணக்குத் தப்பிவிடும்.

வாரக்கணக்கில் எடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், வியர்வை, பதற்றம், நித்திரையின்மை என்று உடம்பு படுத்தும். டொக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள். மிஞ்சியதை மாமாவின் கால்வலிக்குக் கொடுக்கவும் வேண்டாம், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

ஆளைத் தட்டியும் எழுப்ப முடியவில்லை, மூச்சு மிக மெதுவாக வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, அல்லது வலிப்பு வருகிறது என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் இலங்கையில் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஏறும்போது குளிசைப் பக்கெட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை போட்டார், எப்போது போட்டார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.